பவர் எழுதும் முன்: பொதுப் பவரா, சிறப்புப் பவரா, ரத்து செய்ய முடியாத பவரா, பவரே வேண்டாமா?

ஆவண எழுத்தரிடம் போய் "ஒரு பவர் எழுதணும்" (நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) என்றால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் நான்கைந்து பக்கங்கள் அச்சாகி வரும். பெயரும் சர்வே எண்ணும் மட்டும்தான் மாறும். வாடகை வசூலிக்க, மின் இணைப்பைப் பெயர் மாற்ற, அடமானம் வைக்க, விற்க, விற்ற பணத்தை வாங்கிக்கொள்ள, வழக்குப் போட, சமரசம் பேச என்று எல்லா அதிகாரமும் அதில் வரிசையாக இருக்கும். வந்தவருக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான். மற்றவை சும்மா கிடக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவை சும்மா கிடப்பதில்லை. பவர் தொடர்பான தகராறுகளில் பெரும்பாலானவை, கொடுத்திருக்கவே தேவையில்லாத அதிகாரத்திலிருந்து கிளம்பியவை.

எந்த வகைப் பவர் என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். முடிய வேண்டிய வேலை ஒன்றா, பலவா? எத்தனை நாளைக்கு? பணம் யார் கையில் வரும்? இந்தப் பதில்களுக்குப் பொருந்துகிறவற்றில் மிகக் குறுகலானது எதுவோ, அதை எழுதுங்கள்.

பவர் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள்தான் முகமை உறவுக்கு அடிப்படை. அதிகாரம் கொடுப்பவர் முதல்வர், பெறுபவர் முகவர். ஊர் வழக்கில் 'பவர் ஏஜெண்ட்'. பவர் கொடுப்பதால் சொத்து முகவருடையதாகிவிடாது. முதல்வர் தானே வந்து அதே சொத்தை விற்கவும் தடையில்லை. முகவர் செய்வதெல்லாம் முதல்வர் செய்ததாகக் கணக்காகும். வில்லங்கமும் முதல்வர் தலையில்தான் விழும்.

இதனால்தான் "பவரை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன், சொத்து என்னுடையது" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: விற்பனை ஒப்பந்தம், பொதுப் பவர், உயில் மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அது கிரயம் ஆகாது. பதிவான கிரயப் பத்திரம் மட்டுமே உரிமையை மாற்றும். பவரை மட்டும் நம்பி மனை வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரிக்காகவாவது கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆயுள். 201ஆம் பிரிவின்படி, முதல்வர் ரத்து செய்தாலோ, முகவர் விலகினாலோ, வேலை முடிந்தாலோ, இருவரில் ஒருவர் இறந்தாலோ, மனநிலை தவறினாலோ, முதல்வர் நொடித்துப்போனாலோ முகமை முடிந்துவிடும். அப்பா கொடுத்த பவரை வைத்து, அப்பா இறந்த பிறகு மகன் விற்றால் அந்தக் கிரயம் வழக்கில் போய் நிற்கும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அந்தச் சொத்தை விற்க முடியும்.

முதலில், பவர் தேவையா?

பவர் எழுதும் வீடுகளில் பாதிப் பேர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: அம்மாவால் சார் பதிவாளர் அலுவலகப் படி ஏற முடியாது. இதற்குப் பவர் தேவையில்லை. 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 31, 38ஆம் பிரிவுகள் நோயுற்றவர், உடல் தளர்ந்தவர் ஆகியோரின் வீட்டுக்கே பதிவு அலுவலர் வந்து பதிவதற்கு வழி வைத்திருக்கின்றன. மருத்துவரின் சான்றோடு மனுக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் கட்டினால் போதும். அம்மா வீட்டிலேயே கைரேகை வைத்து, தன் வாயாலேயே ஒப்புக்கொள்வார். "சுயநினைவோடுதான் எழுதினாரா" என்று பின்னால் யாராவது கேட்டால், அதைப் பார்த்த சாட்சியாக ஓர் அரசு அலுவலரே இருக்கிறார். வயதானவரின் சொத்து ஒருமுறை மட்டும் கைமாற வேண்டும் என்றால், எந்தப் பவரையும் விட இந்த வழியே மேல்.

வங்கி வேலைக்கும் பல நேரம் பவர் தேவையில்லை. கணக்கை இருவரில் எவரும் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றினாலோ, வங்கியின் சொந்தப் படிவத்தில் கணக்கை இயக்கும் அனுமதி கொடுத்தாலோ போதும். பல கிளைகள் வெளியில் எழுதிய பவரை உடனே ஏற்பதில்லை. சட்டப் பிரிவுக்கு அனுப்பி வாரக்கணக்கில் வைத்திருக்கும்.

"பவருக்குப் பதில் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அது உரிமையையே மாற்றிக் கொடுப்பது. பவரை நாளை ரத்து செய்யலாம். செட்டில்மென்டை அப்படி ஒரு கையெழுத்தில் திரும்ப வாங்க முடியாது.

சிறப்புப் பவரும் பொதுப் பவரும்

ஒரே ஒரு கிரயம், ஒரே ஒரு வழக்கு, ஒரே ஒரு பட்டா மாற்றம் என்றால் சிறப்புப் பவர். வேலை முடிந்ததும் அதன் ஆயுளும் முடிகிறது. பல வேலைகள், பல ஆண்டுகள், முன்கூட்டியே சொல்ல முடியாத தேவைகள் என்றால் பொதுப் பவர். வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் நான்கு வாடகை வீடுகளைத் தம்பி பார்த்துக்கொள்கிறார் என்றால் பொதுப் பவர் நியாயம்தான். ஆனால் அதில் விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் சட்டம் பவரை இறுக்கமாகவே படிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றம் வரை போய் அதை நிரூபிக்கும் செலவு உங்களுடையது.

சிறப்புப் பவரில் வரும் தொல்லை நேர்மாறானது. தேவையான ஒரு சொல் விடுபட்டுப்போகும். விற்கும் அதிகாரம் இருக்கும். பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்து, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் இருக்காது. 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே இதைச் சுட்டியது: விற்பனைக்கான பவர் என்றால் கையெழுத்திட, தாக்கல் செய்ய, பதிவாளர் முன் ஒப்புக்கொள்ள வெளிப்படையான அதிகாரம் வேண்டும். விலை பேசும் அதிகாரம் விற்கும் அதிகாரம் ஆகாது.

இன்னொன்று, அதிகம் பேர் மறப்பது. கிரயம் முடிந்து மூன்று மாதம் கழித்து, சர்வே எண்ணின் உட்பிரிவு தவறாக அச்சாகியிருப்பதை வாங்கியவர் கண்டுபிடிப்பார். பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். ஆனால் கிரயத்தோடு சிறப்புப் பவர் முடிந்துவிட்டது; முதல்வர் வெளிநாட்டில் இருக்கிறார். எனவே பவரை எழுதும்போதே "மேற்படி கிரயம் தொடர்பாகப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்கவும், கிரயத் தேதியிலிருந்து ஓராண்டு வரை" என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். முன்பணம் வாங்குதல், இடத்தை அளந்து காட்டுதல், சுவாதீனம் ஒப்படைத்தல் ஆகியவையும் அதே போல.

பணம் பற்றிய வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அச்சுப் படிவத்தில் இப்படி இருக்கும்: "தாங்கள் விரும்பும் நபருக்கு, விரும்பும் விலைக்கு விற்று, கிரயத் தொகையைப் பெற்றுக்கொண்டு..." இதை அப்படியே விட்டால், முகவர் பணத்தை வாங்கிய நொடியிலேயே வாங்குபவரின் கடமை முடிந்தது. அந்தப் பணத்தை முகவரிடமிருந்து திரும்ப வாங்குவது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான தனிக் கணக்கு. இந்த வரியை அடித்துவிட்டு எழுத வேண்டியது: "கிரயத் தொகை முழுவதும் முதல்வரின் பெயரிலுள்ள பின்கண்ட வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும். முகவர் ரொக்கமாகவோ தன் கணக்கிலோ பெற அதிகாரமில்லை." கூடவே கணக்கு எண்ணும் கிளையும். பதிவான பவரில் இது இருந்தால் வாங்குபவரின் வழக்கறிஞர் கண்ணில் படாமல் போகாது.

குறைந்தபட்ச விலையைப் பவரில் எழுதலாமா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. எழுதினால் அது வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அவரும் படிப்பார், அந்த எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார். தனிக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் முகவரை மட்டும் கட்டுப்படுத்தும்: ஒப்பந்தச் சட்டத்தின் 211ஆம் பிரிவின்படி, சொன்ன வழியை மீறி நட்டம் வந்தால் முகவர் ஈடு செய்ய வேண்டும். விஷயம் தெரியாமல் வாங்கியவரை அது தொடாது. முகவர் மீது முழு நம்பிக்கை இருந்தால் தனிக் கடிதம் போதும். சிறிது சந்தேகம் இருந்தாலும் பவரிலேயே எழுதுங்கள். சந்தேகம் அதிகம் என்றால் அவருக்குப் பவரே கொடுக்காதீர்கள்.

முகவர் தன் மனைவி பெயரிலோ பினாமி பெயரிலோ விற்றுக்கொள்வதும் நடக்கிறது. முதல்வரின் சம்மதம் இல்லாமல் முகவர் தனக்கே வியாபாரம் செய்துகொண்டால், முக்கிய உண்மைகளை மறைத்திருந்தாலோ அது முதல்வருக்குப் பாதகமாக இருந்தாலோ அதை முதல்வர் நிராகரிக்கலாம் என்று 215ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் "முகவரோ அவரது குடும்பத்தாரோ வாங்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்தால் வழக்காடும் தேவையே வராது. அதிகாரத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வரியையும் தேடி அடித்துவிடுங்கள். முகவரைப் பார்த்துத்தானே பவர் கொடுத்தீர்கள். அவர் நியமிக்கும் ஆளை உங்களுக்குத் தெரியாது.

செலவும் முடிவை மாற்றும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், அசையாச் சொத்து தொடர்பான பவர் இந்தியாவுக்குள் எழுதப்பட்டால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெறும் நோட்டரி கையெழுத்தோடு இருக்கும் பவரை வைத்துச் சொத்து வேலை பார்க்க முடியாது. குடும்ப உறுப்பினருக்குக் கொடுக்கும் பவருக்குக் கட்டணம் குறைவு. வெளியாளுக்கு, அதுவும் விற்கும் அதிகாரத்தோடு கொடுத்தால், 2023 ஜூலை 10 முதல் பதிவுக் கட்டணம் சொத்து மதிப்பில் 1 சதவீதம். முன்பு அது 10,000 ரூபாய்தான். 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள மனைக்கு இப்போது 50,000 ரூபாய். பிறகு கிரயத்தின்போது வாங்குபவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே ஒரு விற்பனைக்காகத் தரகருக்குப் பவர் கொடுக்க நினைப்பவர், இந்தத் தொகையை விமான டிக்கெட் விலையோடு வைத்துப் பார்க்கட்டும். பல நேரம் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதே மலிவு. உறவு என்று நாம் நினைப்பவர் எல்லோரும் துறையின் 'குடும்ப உறுப்பினர்' வரையறைக்குள் வரமாட்டார்கள் என்பதால், கட்டணத்தை முன்கூட்டியே பதிவுத் துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பவருக்காகவே முகவரிடம் பணம் வாங்கியிருந்தால் முத்திரைத் தீர்வை அந்தத் தொகையைப் பொறுத்து ஏறும். அதை மறைத்து எழுதுவது பின்னால் இருவரையும் கடிக்கும்.

'ரத்து செய்ய முடியாத பவர்'

தலைப்பில் இந்தச் சொல்லைப் போட்டால் பவர் ரத்தாகாது என்று பலர் நம்புகிறார்கள். சொல்லால் அது நடப்பதில்லை. 202ஆம் பிரிவு கேட்பது, முகமைக்கு உட்பட்ட சொத்திலேயே முகவருக்குச் சொந்த உரிமை ஒன்று இருக்கிறதா என்பதை. சட்டமே தரும் உதாரணம் எளியது: நிலத்தை விற்று, தனக்கு வர வேண்டிய கடனை அந்தப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் கொடுத்தால், அந்த அதிகாரத்தை நிலத்துக்காரர் ரத்து செய்ய முடியாது, அவர் இறந்தாலும் அது முடியாது. விற்றால் தரகு கிடைக்கும் என்பது இப்படிப்பட்ட உரிமை ஆகாது. 2025 பிப்ரவரியிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: பத்திரத்தின் பெயரைப் பார்க்காதே, உள்ளே என்ன உரிமை உருவானது என்று பார்.

இந்த வகை உண்மையில் பொருந்துவது அடுக்குமாடிக் கட்டுமானத்தில். மனைக்காரர் நிலம் தருகிறார், கட்டுநர் தன் பணத்தில் கட்டுகிறார், தன் பங்கு வீடுகளுக்கான பிரிபடாத மனைப் பாகத்தை விற்கப் பவர் வாங்கிக்கொள்கிறார். கட்டுநரின் முதலீடு உள்ளே போய்விட்டதால் அவர் உறுதியான பவர் கேட்பது நியாயம். மனைக்காரர் செய்யும் தவறு, முழு மனைக்கும் பவர் எழுதிக் கொடுப்பது. பங்கு 50:50 என்றால் பவரும் 50 சதவீதப் பாகத்துக்கு மட்டுமே. அதையும் கட்டங்களாகப் பிரிக்கலாம்: அடித்தளம் முடிந்தால் இத்தனை சதுர அடி, கூரை முடிந்தால் இத்தனை, மனைக்காரரின் வீடுகளை ஒப்படைத்த பிறகு மீதி. முழுப் பாகத்தையும் விற்றுத் தீர்த்துவிட்டு வேலையைப் பாதியில் நிறுத்திய கட்டுநரிடம் மனைக்காரருக்குப் பிடி எதுவும் இருக்காது.

வழக்குக்காகப் பவர்

வழக்கறிஞருக்குக் கொடுப்பது வக்காலத்து. பவர் வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. பவர் ஏஜெண்ட் உங்கள் சார்பில் மனுவில் கையெழுத்திடலாம், வழக்கறிஞரை நியமிக்கலாம், வாய்தாவுக்குப் போகலாம். வழக்கறிஞரைப் போல நின்று வாதாட அவருக்கு உரிமை கிடையாது. நீதிமன்றம் தனியாக அனுமதித்தால்தான். சாட்சிக் கூண்டிலும் எல்லை இருக்கிறது. 2004இல் ஜானகி வாஷ்தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முகவர் தான் செய்ததைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லலாம். முதல்வருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்ததை அவர் சொல்ல முடியாது.

இது ஏட்டளவுச் சிக்கல் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், "பணத்தோடு தயாராக இருந்தேன், மனதோடும் இருந்தேன்" என்று வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத்தின்போது ஊரிலேயே இல்லாத முகவர் கூண்டில் ஏறி அதைச் சொன்னால் குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடத்தில் வழக்கு ஆட்டம் காணும். முதல்வர் வெளிநாட்டில் இருந்தால் காணொலி வழியாகவோ ஆணையர் மூலமாகவோ சாட்சியம் கொடுக்க அனுமதி கேட்பதுதான் வழி. வக்காலத்தில் சமரச அதிகாரம் பற்றிய வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்சிக்காரரின் தெளிவான அனுமதி இல்லாமல் அவரது உரிமையை விட்டுக்கொடுக்க வழக்கறிஞருக்கு அதிகாரமில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், அச்சிட்ட வக்காலத்தில் அந்த அனுமதி ஏற்கெனவே இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து

இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அப்போஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்பதற்கான அரசுச் சான்று) உடன்படிக்கையில் இருக்கும் நாடு என்றால் அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கலாம். நேரில் போக முடிகிறவர் தூதரகத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. இங்கே கேள்விகள் குறையும். பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதற்கு 'அட்ஜுடிகேஷன்' என்று பெயர். வந்து சேர்ந்த தேதியை நிரூபிக்கும் கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அதிகம் சிக்குவது பெயரில். பட்டாவில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகி இரண்டாம் பெயராக நிற்கும். பவரில் இரண்டு வடிவங்களையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று சேர்க்க வேண்டும். விற்பனையின்போது முதல்வர் உயிரோடு இருப்பதற்கு அண்மையில் பெற்ற சான்றையும் சார் பதிவாளர் கேட்பார். கிரய நாள் குறித்த பிறகு அதற்கு ஓடினால் நாள் தள்ளிப்போகும். பணம் பொதுவாக என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வரும் பணத்தை வைக்கும் வங்கிக் கணக்கு) வரும்; அந்தக் கணக்கை இயக்கும் பவர் ஏஜெண்ட் உள்ளூர்ச் செலவுகளைச் செய்யலாம், கணக்குக்காரரைத் தவிர வேறு யாருக்கும் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நினைவு தவறிய பிறகு

"அப்பாவுக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது, இப்போதே பொதுப் பவர் வாங்கி வைத்துக்கொள்வோம்" என்பது புரிந்துகொள்ளக்கூடிய பயம். ஆனால் அந்தப் பவர் எதற்காக வாங்கப்பட்டதோ அந்த நாளில் உதவாது. முதல்வரின் மனநிலை தவறியதும் முகமை முடிந்துவிடுகிறது. சில வெளிநாடுகளில் இருப்பதுபோல நினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் நம் ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நியமிக்கும் பிரதிநிதி சிகிச்சை முடிவுகளுக்குத்தான், சொத்துக்கு இல்லை. அந்த நிலையில் குடும்பம் போக வேண்டியது நீதிமன்றத்துக்கு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த கணவரின் பாதுகாவலராக மனைவியை நியமித்து, சொத்தை விற்கவும், விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்புத் தொகையாக வைக்கவும் அனுமதித்தது. அப்பா தெளிவாக இருக்கும்போதே செய்யக்கூடியவை: உயில், கூட்டு வங்கிக் கணக்கு, விற்க வேண்டியதை அவர் கையாலேயே விற்றுவிடுவது.

ரத்து செய்யும்போது

ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவின்படி, ரத்து முகவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை செல்லும். மூன்றாம் நபருக்கு அவருக்குத் தெரிந்த பிறகுதான். அதனால் பவர் பதிவான அதே அலுவலகத்தில் ரத்தைப் பதியுங்கள். அன்றே முகவருக்கு ஒப்புகையோடு விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். முகவர் யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால் பணம் கொடுத்த அந்த நபருக்கும் தனியாக எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை ரத்து அழிக்காது. அந்தப் பொறுப்பு முதல்வருடையதாகவே நிற்கும். 213ஆம் பிரிவின் கீழ் கணக்கு கேளுங்கள். மூலப் பவரையும், முகவரிடம் கொடுத்து வைத்த தாய்ப் பத்திரங்களையும் எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். தாய்ப் பத்திரத்தை முகவரிடம் கொடுக்காமல், தேவைப்படும் நாளில் மட்டும் காட்டும்படி வேறொருவரிடம் வைத்திருந்தால் இந்தக் கடைசிக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது.